பாவம் அந்தக் கத்தரிக்காய்!

சொரியாசிஸும் சாப்பாடும்: பழி எதன்மேல், பங்கு எதற்கு?

சொரியாசிஸ் இருக்கிறவருக்குச் சாப்பாட்டு யோசனை சொல்லாத ஆள் நம் ஊரில் கிடையாது. கல்யாணப் பந்தியில் எண்ணெய்க் கத்தரிக்காய் வாளி பக்கத்தில் வரும்போதே எதிர் வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா குரல் கொடுப்பார்: “தம்பிக்கு அதை வைக்காதீங்கய்யா, அவனுக்கு ஆகாது.” பரிமாறுகிறவர் கரண்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார். பந்தியில் பாதிப் பேர் ஒரு தடவை அந்தத் தம்பியின் முழங்கையைப் பார்ப்பார்கள்.

கத்தரிக்காயோடு நிற்பதில்லை. கருவாடு கூடாது, முட்டை கூடாது, வாழைக்காய் கூடாது, புளி கூடாது, தயிர் கூடாது. மீனையும் பாலையும் ஒரே நாளில் சேர்க்கவே கூடாது. ஆளுக்கொரு பட்டியல். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மிஞ்சுவது கஞ்சியும் உப்பும்தான். அந்த உப்பையும் குறைக்கச் சொல்ல ஒருவர் இருப்பார்.

அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அந்த அக்கறைக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. நீ வாயைக் கட்டவில்லை, அதனால்தான் உனக்கு இது வந்தது என்பது. இருபது வருடம் செதிலோடு வாழ்கிறவர்கள்கூட இதை நம்பத் தொடங்கிவிடுகிறார்கள். தோல் சிவந்த ஒவ்வொரு முறையும் முந்தின நாள் என்ன சாப்பிட்டோம் என்று தங்களையே விசாரிக்கிறார்கள். உணவுக்கும் சொரியாசிஸுக்கும் சம்பந்தம் உண்டு, சந்தேகமில்லை. ஆனால் அது பெரும்பாலும் நாம் தேடுகிற இடத்தில் இல்லை.

நம் தோலின் மேலடுக்குச் செல்கள் அடியில் பிறந்து, மேலே வந்து, கண்ணுக்குத் தெரியாமல் உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் வந்த இடத்தில் அதே வேலை சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து வெள்ளிச் செதிலாகின்றன. அவசரப்படுத்துவது நம்முடைய எதிர்ப்பாற்றலேதான். டி.என்.எஃப்., இன்டர்லூக்கின்-17, இன்டர்லூக்கின்-23 என்ற அழற்சிப் புரதங்கள் ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கின்றன. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு. இது கிருமியால் பரவுவதல்ல, தொட்டால் ஒட்டாது. தொற்றாத இந்த நோய்க்கு இவ்வளவு ஒதுக்கல் ஏன் என்ற கவலை உலக சுகாதார சபை வரை போனது. 2014இல் சொரியாசிஸுக்கென்றே தனித் தீர்மானம் போட்டார்கள்.

நேற்று தின்றது இன்று பொங்குமா?

இறால் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பினால் அது ஒவ்வாமை. சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வரும், பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறையும். சொரியாசிஸ் படை அப்படி ஓடி வந்து ஓடிப்போகும் ரகமல்ல. அது உருவாகவும் நாளாகும், அடங்கவும் வாரக்கணக்காகும். ராத்திரி தின்ற கருவாடு காலையில் முழங்காலில் செதிலாக முளைக்க முடியாது. இந்த வேறுபாடு தெரியாமல்தான் பலர் ஆயிரக்கணக்கில் செலவழித்து, நூறு உணவுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விளம்பரமாகும் ஐ.ஜி.ஜி. சோதனைகளைச் செய்துகொள்கிறார்கள். ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள், நாம் அடிக்கடி சாப்பிடுகிற பொருளுக்கு உடம்பில் இயல்பாகவே இருப்பது. ஒவ்வாமையைக் கண்டறிய இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஐரோப்பிய, அமெரிக்க ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் சொல்லிவிட்டன. சொரியாசிஸுக்கு அது இன்னும் ஒரு படி தள்ளி. அரிசியும் பாலும் ஆகாது என்று அச்சடித்த தாளோடு வருகிறவர்களைப் பார்த்துத் தோல் மருத்துவர்கள் பெருமூச்சு விடுவதில் ஆச்சரியமில்லை.

இன்னொரு குழப்பம், இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும் சுபாவம் உள்ளது. மார்கழிக் குளிரில் தோல் வறண்டால் ஏறும். தொண்டைப் புண் வந்துபோன இரண்டு மூன்று வாரத்தில் பிள்ளைகளுக்குத் துளித்துளியாகப் பரவும் வகை கிளம்பும். சிராய்த்த இடத்தில், கீறிய இடத்தில் புதுப் படை முளைக்கும். ஜெர்மானிய மருத்துவர் கோப்னர் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதினார். ரத்த அழுத்தத்துக்குத் தரும் பீட்டா பிளாக்கர் வகை, மனநலச் சிகிச்சையில் தரும் லித்தியம், மலேரியாவுக்கான குளோரோகுயின் ஆகிய மருந்துகளும் கிளப்பிவிடக் கூடியவை. ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் சீழ்க்கொப்புளங்களோடு மிக மோசமாகத் திரும்பி வரலாம். வீட்டில் சாவு, வேலையில் நெருக்கடி என்றாலும் ஏறும். இத்தனைக்கும் நடுவில் யாரோ ஒருவர் கத்தரிக்காய் சாப்பிட்டிருப்பார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

பத்தியம் பொய்யா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. சித்த மருத்துவம் இந்த நோயைக் காளாஞ்சகப்படை என்ற பெயரில் வைத்துப் பார்க்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, வெயிலில் வைத்து, எண்ணெய் ஊதா நிறத்துக்கு மாறியதும் எடுத்துப் பூசுவது அதன் பிரபலமான மருந்து. அதோடு தோலைக் கிளப்பும் என்று கருதப்படும் கரப்பான் பண்டங்களை விலக்கச் சொல்கிறார்கள்.

கடலுக்கு அந்தப் பக்கமும் இதே கதை நடப்பதுதான் வேடிக்கை. அமெரிக்காவில் 1,206 சொரியாசிஸ் நோயாளிகளிடம் எடுத்த ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 86 சதவீதம் பேர் உணவை மாற்றிப் பார்த்தவர்கள். கத்தரிக்காய்க் குடும்பத்தைக் குறைத்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர், தோல் தேறியது என்றார்கள். மது, கோதுமைப் புரதமான குளூட்டன் ஆகியவற்றைக் குறைத்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவில் அதையே சொன்னார்கள். கத்தரிக்காய்க் குடும்பத்தில் தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் அடக்கம். நம் பெரியம்மா கத்தரிக்காயை விலக்கச் சொல்லிவிட்டு அதே இலையில் தக்காளி ரசத்தையும் உருளைக்கிழங்குப் பொரியலையும் வைக்கச் சொல்வார். தாவரவியல்படி பார்த்தால் இது ஓரவஞ்சனை.

ஆனால் நோயாளி சொல்வது வேறு, நிரூபணம் வேறு. ஒரு பாதிப் பேருக்குக் கத்தரிக்காய் கொடுத்து, மறுபாதிக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்த்து முடிவு சொன்ன உறுதியான சோதனை எதையும் கத்தரிக்காய்க்கு எதிராகக் காட்ட முடியாது. பத்தியம் இருந்தவர்களுக்குத் தேறியது எப்படி? நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் வைத்தியரைத் தேடிப் போவார்கள். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் தானாகவே வரும். அதோடு உண்மையாகப் பத்தியம் இருக்கிறவர் கத்தரிக்காயை மட்டுமா விடுகிறார்? குடியை விடுகிறார், ராத்திரி பரோட்டாவை விடுகிறார், சாயங்கால பஜ்ஜியை விடுகிறார். மூன்று மாதத்தில் எடை குறைகிறது. பெயர் மட்டும் கத்தரிக்காய்க்குப் போகிறது.

எனக்கு உறுத்துவது பத்தியம் அல்ல, அரைகுறைப் பத்தியம். மீன் இல்லை, முட்டை இல்லை, பயறு இல்லை, பாதிக் காய்கறி இல்லை என்று ஆகும்போது தட்டில் மிஞ்சுவது சோறு. வயிறு நிறைய வேண்டுமே, அதனால் இன்னும் கொஞ்சம் சோறு. புரதம் குறைந்து எடை ஏறுகிறது. உடல் முழுவதும் சிவந்து செதில் உதிரும் தீவிர நிலையில், உதிர்கிற செதிலோடு புரதமும் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் முட்டையையும் பருப்பையும் பறிப்பது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

பட்டினி முகாமில் கண்ட உண்மை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் 1949இல் சைமன்ஸ் என்ற தோல் மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். போர்க்காலப் பட்டினி முகாம்களில் அடைபட்டிருந்தவர்களின் சொரியாசிஸ் அடங்கியதைப் பற்றி அதில் பதிவு செய்திருந்தார். யாருக்கும் வரக் கூடாத சிகிச்சைமுறை அது. ஆனால் என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதுதான் தோலுக்குப் பெரிய விஷயமோ என்ற சந்தேகத்தை அது எழுப்பியது. பிறகு வந்த ஆய்வுகள் அந்தச் சந்தேகத்தைப் பலப்படுத்தின.

வயிற்றைச் சுற்றியுள்ள கொழுப்பைச் சும்மா கிடக்கும் சேமிப்பு என்று நினைத்த காலம் போய்விட்டது. அது தானே டி.என்.எஃப். உள்ளிட்ட அழற்சிப் பொருட்களைச் சுரக்கிறது. சொரியாசிஸில் தோலை விரட்டுகிற அதே ஆள். அமெரிக்க நர்ஸ்களை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து கவனித்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. சுமார் 78,000 பெண்களின் விவரங்களை 2007இல் வெளியிட்டார்கள். மிக அதிகப் பருமன் உள்ளவர்களுக்குச் சொரியாசிஸ் வரும் வாய்ப்பு, அளவான எடை உள்ளவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது.

எடையை இறக்கினால் நோய் குறையுமா என்பதுதான் அடுத்த கேள்வி. டென்மார்க்கில் பருமனான 60 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 16 வாரம் கடுமையான குறைகலோரி உணவு கொடுத்தார்கள். முதல் எட்டு வாரம் நாளொன்றுக்கு 800 முதல் 1,000 கலோரி மட்டும். மற்றப் பிரிவைவிடச் சராசரியாக 15 கிலோ எடை கூடுதலாகக் குறைந்தது. நோயின் கடுமையைக் குறிக்கும் தோல் மதிப்பெண்ணும் இறங்கியது. ஆனால் அந்த இறக்கம் புள்ளியியல்காரர்களின் கறாரான கோட்டை மயிரிழையில் தவறவிட்டது. அன்றாட வாழ்க்கை எவ்வளவு சிரமப்படுகிறது என்ற கணக்கில் மட்டும் தெளிவான முன்னேற்றம். 2013இல் வந்தது இது. மறு ஆண்டு இத்தாலியிலிருந்து 303 பேரை வைத்து இன்னொன்று. மருந்து சாப்பிட்டும் முழுதாகத் தேறாத, எடை கூடியவர்கள் அவர்கள். உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தபோது 20 வாரத்தில் நோயின் கடுமை 48 சதவீதம் குறைந்தது. வெறும் அறிவுரை மட்டும் கேட்டுக்கொண்டவர்களுக்கு 25.5 சதவீதம்தான். இந்த ரக ஆய்வுகளையெல்லாம் திரட்டி அமெரிக்க தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளையின் மருத்துவக் குழு 2018இல் பரிந்துரை வெளியிட்டது. அதில் அவர்கள் அழுத்திச் சொன்ன உணவு யோசனை ஒன்றே ஒன்றுதான்: எடை கூடியவர்கள் கலோரியைக் குறைத்து எடையை இறக்கட்டும். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. மருந்தோடு சேர்த்து.

இது ஏதோ வெள்ளைக்காரர்கள் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் ஒரு மருத்துவமனையில் 118 சொரியாசிஸ் நோயாளிகளை ஆராய்ந்து 2012இல் எழுதினார்கள். 44 சதவீதம் பேருக்குத் தொப்பை, சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் கைகோத்து வரும் வளர்சிதைக் கோளாறு இருந்தது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மற்றவர்களில் அது 30 சதவீதம். நம் உடல்வாகுக்கு எடைக் கோடும் கீழே இருக்கிறது. உடல் நிறை எண் 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25க்கு மேல் பருமன் என்பது இந்திய மருத்துவர்களின் கணக்கு. இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. “நான் அப்படியொன்றும் குண்டு இல்லையே” என்பவர்களில் பாதிப் பேர் இந்தக் கோட்டைத் தாண்டியவர்கள்தான் என்பது என் ஊகம்.

எடை கூடினால் விலை உயர்ந்த ஊசி மருந்துகளின் பலனும் குறைகிறது. ஆகவே தட்டில் முதலில் கை வைக்க வேண்டியது மலைபோல் குவித்த சோற்றிலும், நாளுக்கு நாலு முறை குடிக்கும் சர்க்கரை போட்ட டீயிலும். இதைச் சொல்ல எந்தப் பெரியம்மாவுக்கும் மனம் வராது. விருந்தாளியிடம் “சோறு போதும்” என்று சொல்வது நம் வழக்கமில்லை. பட்டினியும் கிடக்க வேண்டாம். ரமலான் நோன்பிருந்த 108 நோயாளிகளைக் கவனித்த ஆய்வில் நோயின் கடுமை குறைந்தது உண்மை. ஆனால் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நேரம் தள்ளிச் சாப்பிடக் கூடாது.

கோதுமை விஷயம்

இணையத்தில் இப்போது வில்லன் பட்டம் குளூட்டனுக்கு. கோதுமையை விட்டேன், தோல் பளிங்காகிவிட்டது என்று காணொளிகள். 2000இல் சுவீடன் மருத்துவர்கள் செய்த சோதனை இங்கே உதவும். கோதுமைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்த சொரியாசிஸ் நோயாளிகள் மூன்று மாதம் அதைத் தவிர்த்தபோது தேறினார்கள். எதிர்ப்பொருள் இல்லாத சிலரும் அதே உணவைச் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு மாற்றமில்லை. சோதனையில் தெரிந்தால் விடு, இல்லாவிட்டால் சும்மா இரு என்பதே பாடம்.

நம் பக்கம் அதற்கான வாய்ப்பு எவ்வளவு? 2016இல் இந்தியா முழுவதும் 23 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களைச் சோதித்த ஆய்வில், குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கு இருந்தது. தெற்கில் 0.10 சதவீதம். பரம்பரை வாய்ப்பு இரு பக்கமும் பெரிதாக வித்தியாசப்படவில்லை. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் சாப்பிடும் கோதுமை நாளுக்குச் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம்தான். நாம் ராத்திரிக்குச் சப்பாத்தி என்று மாறிவரும் வேகத்தில் இந்த எண் நாளை என்னாகும் என்பது வேறு விஷயம்.

சோதனையில் தெரிந்து, உண்மையிலேயே விட வேண்டியவர்களுக்கு இட்லியும் தோசையும் வரப்பிரசாதம். ஆனால் ரவை, சேமியா, பிஸ்கட், மால்ட் கலந்த சத்துபானம் ஆகாது. பலர் கோட்டை விடுவது கூட்டுப் பெருங்காயத்தில். அதில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பி ஒரு தடவை படித்துவிட்டுச் சாம்பாரில் போடுங்கள்.

மீனை ஏன் விலக்கினோம்?

கிரீன்லாந்தின் உபர்னாவிக் என்ற ஒதுக்குப்புறத்தில் சீல், திமிங்கிலம், மீன் என்றே சாப்பிட்டு வாழ்ந்தவர்களிடம் சொரியாசிஸ் மிக அபூர்வம் என்று 1980இல் ஒரு பதிவு வந்தது. எல்லோரும் மீன் எண்ணெய் மாத்திரையின் பின்னால் ஓடினார்கள். 1993இல் நார்வேயில் 145 பேரை வைத்துச் செய்த சோதனையில், மீன் எண்ணெய் சோள எண்ணெயைவிட எந்த விதத்திலும் உயர்த்தி இல்லை என்று தெரிந்தது. மாத்திரைக்கு இவ்வளவுதான் மரியாதை.

முழு உணவாகப் பார்த்தால் படம் கொஞ்சம் நம்பிக்கை தருகிறது. பிரான்சில் 35,735 பேரிடம் நடந்த ஆய்வில், காய், பயறு, கொட்டைகள், மீன், ஆலிவ் எண்ணெய் என்று மத்தியதரைக்கடல் பாணியில் சாப்பிடுகிறவர்களிடம் கடுமையான சொரியாசிஸ் குறைவாக இருந்தது. இது காரணத்தை நிரூபிக்காது, தொடர்பை மட்டும் காட்டும். 2025இல் ஸ்பெயினில் 38 பேரை வைத்துச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 16 வாரம் அந்த உணவைச் சாப்பிட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோயின் கடுமை முக்கால்வாசி குறைந்தது. 38 பேர் என்பது சின்னக் கூட்டம்தான், இன்னும் பெரிய சோதனை வர வேண்டும்.

அதற்காக ஆலிவ் எண்ணெய் வாங்க ஓட வேண்டியதில்லை. கீரை மசியல், சுண்டல், பாசிப்பயறு, மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவை அதே பாணியின் நம்மூர்ச் சரக்கு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். நம் விலக்குப் பட்டியலில் முதலில் அடிபடுவது இந்த மீன்கள்தான் என்பது எரிச்சலூட்டும் முரண்.

மதுவும் மருந்தும்

எல்லாப் பட்டியலிலும் கடைசியில் மெல்லிய குரலில் சொல்லப்படுவது மது. முதலில் உரக்கச் சொல்லப்பட வேண்டியது அதுதான். 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண் நர்ஸ்களைத் தொடர்ந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2010இல் வந்தது. வழக்கமான பீர் குடித்தவர்களுக்குச் சொரியாசிஸ் வரும் வாய்ப்பு கூடியிருந்தது. ஒயினுக்கும் மற்றச் சாராய வகைகளுக்கும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. “அப்போ பிராந்தி பரவாயில்லையா?” என்று கேட்கிற நண்பர்களுக்குப் பதில்: வருவது வேறு, வந்தபின் குடிப்பது வேறு. சொரியாசிஸுக்குப் பரவலாகத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைச் சோதிக்கும் மருந்து. அதன்மேல் எந்த நிறத்தில் மதுவை ஊற்றினாலும் சேதம் கல்லீரலுக்கே. வாரத்துக்கு ஒரு முறை சாப்பிட வேண்டிய அந்த மாத்திரையைத் தினமும் விழுங்கி உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்கிறவர்களும் உண்டு. என்ன கிழமை என்று அட்டையிலேயே எழுதி வைப்பது நல்லது.

உங்களுக்கென்று ஒரு உணவு உண்மையிலேயே ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் சோதித்துப் பார்க்கலாம். காரம் சாப்பிட்டால் அரிப்பு கூடுகிறது என்று சிலர் சொல்வதை நான் மறுக்கமாட்டேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை நிறுத்துங்கள். ஆறு வாரம் கொடுங்கள், தோலுக்கு அவ்வளவு நேரம் தேவை. அந்த வாரங்களில் மருந்தை மாற்றாதீர்கள். ஒரே வெளிச்சத்தில், ஒரே இடத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். ஞாபகத்தை நம்பாதீர்கள். பிறகு அதையே திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். மறுபடி ஏறினால்தான் அது உங்கள் எதிரி. பிள்ளைகளிடம் இந்தச் சோதனை வேண்டாம், பாலும் முட்டையும் வளர்ச்சிக்கு வேண்டும். அவர்களுக்குத் தொண்டை வலி வந்தால் கவனிப்பதே மேல்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய உணவுக் கேள்விகள் சில உண்டு, பெரும்பாலும் அவற்றைக் கேட்க மறந்துவிடுகிறோம். சைக்ளோஸ்போரின் எடுக்கிறவர்கள் பம்ப்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் பழங்களைத் தொடக் கூடாது. அவை ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். அசிட்ரெடின் எடுப்பவர்கள் வைட்டமின் ஏ மாத்திரையைத் தனியாகச் சாப்பிடக் கூடாது. பெண்களுக்கு இதில் இன்னும் எச்சரிக்கை தேவை. அசிட்ரெடினோடு மது சேர்ந்தால் உடலில் ஆண்டுக்கணக்கில் தங்கும் வேறொரு பொருளாக அது மாறும், கருவைப் பாதிக்கும். மூலிகைப் பொடி என்று பெயரில்லாத பொட்டலத்தில் வருவதைச் சாப்பிடுகிறவர்கள் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து, திடீரென்று நீங்கள் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது டாக்டருக்குத் தெரியும்.